பி.எம்.டி. 216ஏ: ஒரு நம்பர் பிளேட், நான்கு ஆஸ்டன் மார்ட்டின்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஜேம்ஸ் பாண்டின் வெள்ளி நிறக் காரை, ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ஐ, பற்றிக் கேட்டுவிடுவார். எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எவ்வளவுக்குப் போனது? இந்தக் கேள்விகளில் ஒரு சிறு பிழை உண்டு. கேட்பவர்கள் ஒரு காரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இருந்தவை நான்கு. அந்த நான்கின் கதைகளையும் கலந்துவிடாமல் பிரித்துச் சொல்லவே இந்தப் பக்கம்.

முதலில், டிபி5 என்பது என்ன கார்?

ஆஸ்டன் மார்ட்டின் 1963 முதல் 1965 வரை செய்த கிராண்ட் டூரர். பந்தயத் தடத்துக்கான காரும் அல்ல, குடும்பத்தை அடைத்துக்கொண்டு போகும் காரும் அல்ல. இரண்டு பேர் பெட்டிகளோடு லண்டனில் காலையில் கிளம்பி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, இடுப்பு வலிக்காமல் இத்தாலி போய்ச் சேர்வதற்கான வண்டி. பின்னால் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. அவற்றில் உட்காரும் பெரியவர்கள் அந்த அனுபவத்தை மறக்கமாட்டார்கள்.

பெயரில் உள்ள டிபி, டேவிட் பிரவுன். டிராக்டரும் பற்சக்கரமும் செய்துகொண்டிருந்த யார்க்ஷயர் தொழிலதிபர். 1947-ல் ஆஸ்டன் மார்ட்டினை 20,500 பவுண்டுக்கு வாங்கினார். அவர் காலத்துக் கார்களுக்கெல்லாம் அவருடைய முதலெழுத்துகளே பெயர்.

எஞ்சின் 3,995 சிசி, ஆறு சிலிண்டர், முழுக்க அலுமினியம். போலந்தில் பிறந்த டாடெக் மாரெக் வடிவமைத்தது. மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்கள், 282 குதிரைத்திறன், ஐந்து கியர் கொண்ட இசட்எஃப் கியர்பாக்ஸ். உடலின் வடிவம் மிலான் நகரின் டூரிங் நிறுவனத்துடையது. வேலை நடந்தது இங்கிலாந்தின் நியூபோர்ட் பேக்னலில். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான். கையால் தட்டிச் செய்த தகடு என்பதால் ஒன்றின் கதவை இன்னொன்றில் அப்படியே மாட்டிவிட முடியாது.

நான்கு கார்கள் எவை?

முதலாவது, நிறுவனத்தின் சோதனைக் கார். திட்ட எண் 216/1. பிறந்தபோது டிபி4, பிறகு டிபி5-க்கு முன்மாதிரியாக மாற்றப்பட்டது. அசல் நிறம் அடர்சிவப்பு. 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்காக 1964-ல் வெள்ளி பூசி, கருவிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. துப்பாக்கி வெளியே வருவது, பின்னால் கவசத் தகடு எழுவது போன்ற காட்சிகளுக்கான கார் இது. பி.எம்.டி. 216ஏ என்ற பதிவெண் சட்டப்படி இதற்கே உரியது.

இரண்டாவது, சேஸிஸ் (அடிச்சட்டம்) எண் டிபி5/1486/ஆர் கொண்டது. வேகமாக ஓட்டும் காட்சிகளுக்காக நிறுவனம் கொடுத்த வழக்கமான கார். உண்மையான பதிவெண் எஃப்.எம்.பி. 7பி. சாலைக் கார் என்று அழைக்கப்படுவது இதுதான். கருவிகள் இதில் பின்னர் ஏறின.

மூன்றாவதும் நான்காவதும், டிபி5/2008/ஆர், டிபி5/2017/ஆர். 'தண்டர்பால்' படம் 1965-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்காகவே வாங்கிக் கருவிகள் பொருத்தப்பட்டவை. படத்தில் இவை ஒரு நொடிகூட வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விலையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சேஸிஸ் எண்ணை எப்படிப் படிப்பது?

முதல் பகுதி மாடல், நடுவில் வரிசை எண், கடைசியில் உள்ள 'ஆர்' வலப்பக்க ஸ்டியரிங். இடப்பக்கம் என்றால் 'எல்' இருக்கும். பிரிட்டிஷ் பதிவெண்ணின் கடைசி எழுத்தும் பேசும்: 'ஏ' என்றால் 1963, 'பி' என்றால் 1964, 'சி' என்றால் 1965. எஃப்.எம்.பி. 7பி என்பதைப் பார்த்ததும் 1964-ல் பதிவான வண்டி என்று சொல்லிவிடலாம்.

நம் ஊரில் பழைய வண்டி கைமாறும்போது சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். கோடி ரூபாய்க் காரிலும் அடிப்படை வேலை இதேதான். கூடுதலாக எஞ்சின் எண், தொழிற்சாலையில் எழுதிவைத்த தயாரிப்புத் தாள், பழைய ரசீதுகள், பழைய புகைப்படங்கள் என்று ஒரு கட்டு சேரும். அந்தக் கட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு விலை.

படம் முடிந்ததும் நிறுவனம் இந்தக் கார்களைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளவில்லையா?

இல்லை. அன்றைய கண்ணுக்கு அவை ஓடித் தேய்ந்த வண்டிகள். 1965-லேயே டிபி6 வந்துவிட்டது. பழைய மாடலை யாராவது வாங்கினால் போதும் என்ற நிலை. சோதனைக் காரிலிருந்து கருவிகளைக் கழற்றிவிட்டு, 6633 பி.பி. என்று புதுப் பதிவெண் கொடுத்து, 1968-ல் பழைய கார் விலைக்கு விற்றுவிட்டார்கள். வாங்கிய ஆங்கிலேயர் தானே முயன்று கருவிகளைத் திரும்பப் பொருத்திக்கொண்டார். ஆனால் அவை படத்தில் இருந்த கருவிகள் அல்ல.

இதை முட்டாள்தனம் என்று சொல்வது எளிது. ஆனால் அறுபதுகளில் 'பழைய சினிமாக் கார்' என்று ஒரு சந்தையே கிடையாது. நஷ்டத்தோடு மல்லுக்கட்டிய சிறு தொழிற்சாலை, ஓரமாக நின்ற வண்டியைக் காசாக்கியது. அதே காலத்தில் நம் ஸ்டுடியோக்கள் படச்சுருள்களை என்ன செய்தன என்று தெரிந்தவர்கள் நியூபோர்ட் பேக்னல்காரர்களைத் திட்டமாட்டார்கள்.

காணாமல் போனது எது?

அந்தச் சோதனைக் கார்தான். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய், 1986-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 2.5 லட்சம் டாலருக்கு ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு ரியல் எஸ்டேட் தொழிலதிபர் கைக்கு வந்தது. 1997 ஜூனில் போகா ரேட்டன் விமான நிலையத்தின் ஒரு கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தபோது, ஓர் இரவில் மறைந்தது. காப்பீட்டு நிறுவனம் 42 லட்சம் டாலர் அளவில் இழப்பீடு கொடுத்தது.

அதன்பின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. சரக்கு விமானத்தில் ஏற்றிப் போனார்கள், கடலில் தள்ளிவிட்டார்கள் என்றெல்லாம். திருட்டுப்போன கலைப்பொருட்களைத் தேடும் ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாக இதைத் துரத்துகிறது. மத்திய கிழக்கில் ஒரு தனியார் சேகரிப்பில் இருப்பதாக 2021-ல் செய்தி வந்தது. கார் இன்னும் வெளியே வரவில்லை.

இழப்பீடு கொடுத்து முடிந்த பொருள் பிறகு கிடைத்தால், வழக்கமாக உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். எனவே ஒளித்து வைத்திருப்பவர், யார் ஆனாலும், அதை விற்கவும் முடியாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டவும் முடியாது. கொட்டகைக்குள் போய்த் தனியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ஜெர்ரி லீ யார்? அவர் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர். ஃபிலடெல்ஃபியாவில் வானொலி நிலையம் நடத்தியவர். 1969-ல் சாலைக் காரான 1486-ஐ ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்திடமிருந்து நேரடியாக 12,000 டாலருக்கு வாங்கினார். பிறகு அவர் செய்த பெரிய காரியம், ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் இருந்தது. நிறம் மாற்றவில்லை. கருவிகளைக் கழற்றவில்லை. ஊர்வலம் விடவில்லை. வீட்டிலேயே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தார். எப்போதாவது ஒரு கண்காட்சிக்குப் போய்வந்ததோடு சரி.

2010 அக்டோபர் 27 அன்று லண்டன் பாட்டர்சீயில் ஏலம் நடந்தது. சுத்தியல் விழுந்த விலை 26 லட்சம் பவுண்டு. கமிஷனோடு 29 லட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தொழிலதிபர். பணம் லீயின் அறக்கட்டளைக்குப் போனது. குற்றங்களைக் குறைக்கும் ஆய்வுகளுக்கு உதவும் அறக்கட்டளை அது. குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசுக்கும் அதன் பணம் உண்டு. வில்லன்களைத் துரத்திய திரைப்படக் காரின் பணம் அங்கே போய்ச் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1969-க்கும் 2010-க்கும் நடுவில் ஒரே ஒரு உரிமையாளர் என்பதைக் கவனியுங்கள். அந்த நாற்பத்தோரு ஆண்டுகளில் 'அப்போது கார் எங்கே இருந்தது' என்று யாரும் கேட்க இடமே இல்லை. ஏலக்காரர்கள் காசு கொடுத்தாலும் தயாரிக்க முடியாத ஆவணம் அது.

2008/ஆர் ஏன் அதிக விலைக்குப் போனது? அது படத்திலேயே வரவில்லையே!

இங்கேதான் பலர் நெற்றியைச் சுருக்குவார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

விளம்பரச் சுற்று முடிந்தபின் இரண்டு கார்களையும் 1969-ல் வாங்கியவர் ஆண்டனி பாம்ஃபோர்ட். மண் தோண்டும் மஞ்சள் எந்திரத்துக்கே நம் ஊரில் பெயராகிவிட்ட ஜேசிபி அவர்கள் குடும்ப நிறுவனம்; ஜே.சி.பி. என்பது அவருடைய அப்பாவின் பெயர்ச்சுருக்கம். அவர் நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. 2008/ஆர் 1970 வாக்கில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பிஜன் ஃபோர்ஜ் என்ற சுற்றுலா ஊரில் இருந்த ஸ்மோக்கி மவுன்டன் கார் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே கம்பிவலைக் கூண்டுக்குள் 35 ஆண்டுகள் நின்றது. கோடை விடுமுறைக்கு வந்த எத்தனையோ குழந்தைகள் கூண்டுக் கம்பியில் மூக்கை அழுத்திப் பார்த்திருப்பார்கள்.

2006-ல் அரிசோனா ஏலத்தில் 20.9 லட்சம் டாலர். பிறகு சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் உள்ள ரூஸ் எஞ்சினியரிங் பட்டறையில் முழுப் புதுப்பிப்பு. 2019 ஆகஸ்ட் 15 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரேயில் 63.85 லட்சம் டாலர். ஏலத்தில் விற்ற டிபி5-களில் அதுவரை யாரும் கொடுக்காத விலை.

திரையில் வராத கார் இவ்வளவு பெற்றதற்குக் காரணம், அது தொடக்கத்திலேயே கருவிகளோடு செய்யப்பட்டது, பிறகு யாரும் கழற்றவில்லை, கைமாறிய வரலாறு சுருக்கமானது, பட்டறையிலிருந்து வெளிவந்தபோது கருவிகள் பதின்மூன்றும் வேலை செய்தன. படத்தில் மிக அதிகம் தெரிந்த சோதனைக் காரோ, முதல் விற்பனைக்கு முன்பே தன் கருவிகளை இழந்து, கடைசியில் தன்னையே இழந்தது. படத்தில் தோன்றியது யார் என்பதைவிட, அறுபது ஆண்டுகள் கலையாமல் இருந்தது யார் என்பதற்கே சந்தை பணம் கொடுக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கருவிகள் நிஜமாகவே வேலை செய்யுமா?

சுழலும் நம்பர் பிளேட் சுழலும். பின்கவசம் எழும். முன் இண்டிகேட்டர்களுக்குப் பின்னால் இருந்து குழல்கள் நீளும், குண்டு வராது. பயணியை வானத்துக்கு அனுப்பும் இருக்கையைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். கூரையில் திறப்பு உண்டு, பொத்தான் உண்டு. பயணி பத்திரமாக உள்ளேயே இருப்பார்.

படத்துக்கு இவற்றைக் கற்பனை செய்தது கலை இயக்குநர் கென் ஆடம்; செய்து காட்டியது சிறப்புக் காட்சி வல்லுநர் ஜான் ஸ்டியர்ஸ்.

டிபி5-ஐப் புதுப்பிப்பதில் எது கடினம்? எஞ்சினா?

எஞ்சின் இல்லை. எஞ்சின் வேலைக்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும், நல்ல மெக்கானிக் வேண்டும். ஆனால் வழி தெரிந்த வேலை. தலைவலி உடல்தான்.

இந்தக் கார் 'சூப்பர்லெஜ்ஜெரா' முறையில் கட்டப்பட்டது. மிகவும் லேசானது என்று பொருள்படும் இத்தாலியச் சொல். சேஸிஸின் மேல் மெல்லிய எஃகுக் குழாய்களால் காரின் உருவத்துக்கு ஒரு கூடு. அந்தக் கூட்டின் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களை மடித்து இறுக்குவது. கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் கட்டி மேலே துணி போர்த்துவது போல. பார்க்க அழகு, எடை குறைவு.

ஆனால் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், அந்த இடம் ஒரு சிறு பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், குழாய் துருவாகும். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் பனி உருக உப்புத் தூவுவார்கள் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும். கதவுக்குக் கீழே உள்ள எஃகுப் பெட்டிப் பகுதி உள்ளிருந்து அரித்துப் போயிருக்கும். அந்தக் காலத்தில் பல பட்டறைகள் ஓட்டையில் பட்டி அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கின்றன. முப்பது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அந்தப் பட்டியே முதல் அதிர்ச்சி.

எனவே முழுப் புதுப்பிப்பு என்றால் தோலை உரிக்க வேண்டும். பழைய தகட்டில் எதைக் காப்பாற்றலாம், எதைப் புதிதாகத் தட்ட வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக முடிவெடுக்க வேண்டும். நல்ல டிங்கரிங் ஆள் பழையதைக் காப்பாற்றவே முயல்வார். புதிதாகச் செய்வது பெரும்பாலும் எளிது, சில சமயம் மலிவும்கூட. ஆனால் ஒவ்வொரு பழைய தகடு குப்பைக்குப் போகும்போதும் காரின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிகிறது.

இன்னொரு நோய், அளவுக்கு மிஞ்சிய அழகு. கதவின் இடைவெளிகள் நூல் பிடித்ததுபோல் இருக்கும், குரோமியத்தில் முகம் பார்க்கலாம். 1964-ல் நியூபோர்ட் பேக்னலில் இருந்து எந்தக் காரும் அவ்வளவு கச்சிதமாக வெளிவந்ததில்லை. மணப்பெண்ணுக்கு முகம் தெரியாத அளவுக்கு ஒப்பனை செய்வது போன்ற வேலை இது. எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பரிசு கொடுக்கும் நடுவர்களுக்கு இருக்கிறது.

பாகங்களெல்லாம் மாறிவிட்டால் அது அதே கார்தானா?

திருவாரூர் ஆழித்தேர் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. அதை யாரும் வேறு தேர் என்று சொல்வதில்லை. அதே தெரு, அதே தெய்வம், அதே ஊர். காருக்கு அப்படிப்பட்ட ஊர் கிடையாது. அதனிடம் இருப்பது சேஸிஸும் காகிதமும் மட்டும். அதனால்தான் பழைய கார்க்காரர்கள் எண்களுக்காக இவ்வளவு சண்டை போடுகிறார்கள். சேஸிஸ் அசலாக இருந்து, உடைமை வரலாறு அறுபடாமல் வந்தால், தகடு மாறியதைச் சந்தை மன்னிக்கிறது. சேஸிஸே சந்தேகம் என்றால் எதையும் மன்னிப்பதில்லை.

புகழ்பெற்றவரிடம் இருந்த கார் என்றால் விலை கூடுமா?

கூடும். பால் மெக்கார்ட்னி 1964-ல் வாங்கிய டிபி5 ஒன்று உண்டு. உள்ளே இசைத்தட்டு ஓட்டும் பெட்டியும் வைத்துக்கொண்டார். 2012-ல் அது மூன்று லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் போனது. 2017-ல் 13,45,500 பவுண்டு. பாடகரும் அதே பாடகர், காரும் அதே கார்.

புதிதாகவும் செய்து விற்றார்களாமே?

ஆம். 2018-ல் அறிவித்தார்கள், 2020-ல் முதல் கார் வெளிவந்தது. அதே நியூபோர்ட் பேக்னலில், வாடிக்கையாளர்களுக்கென 25 கார்கள், கருவிகளோடு. விலை வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு. பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. ஒரு காருக்குச் சுமார் 4,500 மணி நேர உழைப்பு என்கிறார்கள். அந்த உழைப்புக்கு என் மரியாதை உண்டு. சாலைக்குப் போகாத கிராண்ட் டூரரை என்ன சொல்லி அழைப்பது என்றுதான் தெரியவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று. 2022 செப்டம்பரில், பிந்தைய பாண்ட் படத்தின் சண்டைக் காட்சிக்காகச் செய்த போலி டிபி5 ஒன்று அறக்கொடைக்காக ஏலம் விடப்பட்டது. கார்பன் இழை உடல். போனது 29 லட்சம் பவுண்டுக்கு மேல். ஜெர்ரி லீ நாற்பது ஆண்டு காத்த காருக்கு 2010-ல் கிடைத்ததும் ஏறக்குறைய அதே தொகைதான்.

என் பொம்மைக் கார் தங்க நிறத்தில் இருந்தது. நினைவு தப்பிவிட்டதா?

தப்பவில்லை. கோர்கி நிறுவனம் 1965-ல் வெளியிட்ட முதல் பொம்மை தங்க நிறம்தான். வெள்ளி அடித்தால், பெயின்ட் அடிக்காத வெறும் வார்ப்பு போலத் தெரியும் என்று நினைத்தார்கள். டப்பாவோடு இன்னும் வைத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். கூரை வழியே பறக்கும் அந்தக் குட்டி மனிதனும் இருக்க வேண்டும்; பல வீடுகளில் முதலில் தொலைந்தது அவன்தான்.

நான்கில் ஒன்றையாவது நேரில் பார்க்க முடியுமா?

2017/ஆர் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள லௌமன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காணாமல் போனதை விட்டால், மற்ற இரண்டும் தனியார் கையில். ஹேக் போவதாக இருந்தால், அன்றைக்குக் கார் மண்டபத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கண்காட்சிக்கென்று வெளியூர் கிளம்பிவிடும் பழக்கம் இந்தக் கார்களுக்கு உண்டு.